முப்பத்தேழாம் எண்ணின் இரண்டு கன்னங்கள்

டிரைவிங் ஸ்கூல் முதலாளி அதை நாசூக்காகத்தான் சொன்னார்.

"மாஸ்டர், இனிமே நீங்க ரிவர்ஸ் மட்டும் சொல்லிக்கொடுங்க."

"ரிவர்ஸ் மட்டும்னா?"

"வண்டியைப் பின்னாடி எடுக்கிறது. அதுல உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதோட பாருங்க, ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துக்கிறவங்க பின்னாடிதான் பார்த்தாகணும். வேற எங்கயும் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல."

அந்த வேற எங்கயும், மாஸ்டரின் முகம். நான்கு வருடத்துக்கு முன்னால் இடது கண்ணோரத்தில் ஒரு பருப்பளவுக்கு வெளுப்பு தெரிந்தது. சோப்பு சரியாகப் போகவில்லை என்று நினைத்துத் தேய்த்தார். தேய்த்ததற்குப் பழிவாங்குவது போல அது மற்றக் கண்ணுக்கும் வந்தது. பிறகு கன்னங்கள், வாயோரம், தாடை. வெண்புள்ளி என்றார் டாக்டர். ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, வலிக்காது. மாஸ்டர் இந்த மூன்றையும் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே ஒப்பித்துவிடுவார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அவர் இறங்கியதும் ஸ்டியரிங்கைக் கைக்குட்டையால் துடைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'வரைபடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒருத்தி, சாலையில் லாரி வந்துகொண்டிருக்கும்போது, அவருடைய வலது கன்னத்தைப் பார்த்து, "சார், அது தீவா, இல்ல கரையோட ஒட்டியிருக்கா?" என்று கேட்டே விட்டாள். லாரிக்காரன் நல்லவன். பிரேக் போட்டான்.

பத்தொன்பது வருட அனுபவம் உள்ள ஒரு மனிதர், காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மைதானத்தில் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார். தூக்கத்தில்கூடக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதாக மனைவி சொன்னாள்.

அதனால்தான், ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் புதிய களிம்பு ஒன்றைச் சோதிக்க நாற்பது பேர் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நிற்கக் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது முப்பத்தேழாவது ஆளாகத்தான் இருந்தார். அன்றிலிருந்து அங்கே அவர் பெயர் முப்பத்தேழு.

ஆராய்ச்சி நடத்தியது ஓர் இளம் டாக்டர். சட்டைப்பையில் மூன்று பேனா, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம், பேச்சில் எப்போதும் ரயிலைப் பிடிக்கப் போகும் அவசரம். மேஜையில் இரண்டு டியூப்களை வைத்தாள். ஒன்றுக்கு நீல மூடி, இன்னொன்றுக்கு ஆரஞ்சு மூடி.

"இதுல ஒண்ணுல மருந்து இருக்கு. இன்னொண்ணு வெறும் களிம்பு. எது எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"அதைக் கேட்டா சொல்லாதா?"

"கடைசியிலதான் சொல்லும். நீல மூடி இடது பக்கத்துக்கு, ஆரஞ்சு வலது பக்கத்துக்கு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இருபத்திநாலு வாரம். ஒழுங்கா பூசி முடிச்சவங்களுக்கு அதுக்கப்புறம் ஒரு வருஷம் ரெண்டு பக்கத்துக்கும் நிஜ மருந்தே கொடுப்போம். ஒழுங்கா பூசலைன்னா கிடையாது." அவள் காகிதத்தில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "இடது வலது குழப்பம் வராம எப்படிப் பூசறதுன்னு ஒரு தடவை செஞ்சு காட்டணும். வாங்க."

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "டாக்டர், பத்தொம்பது வருஷமா நான் வாயைத் திறந்தா வர்ற ரெண்டே வார்த்தை இடது, வலது. எனக்கா?"

அவள் சிரித்துவிட்டு, 'செய்து காட்டப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அந்த ஒரு டிக்கை அவள் பிறகு பலமுறை கனவில் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் காலை வேளை மாஸ்டருடையது. குளியலறைக் கண்ணாடி முன் நின்று, இடது கன்னத்துக்கு நீலம், வலது கன்னத்துக்கு ஆரஞ்சு என்று பிசகாமல் பூசிக்கொள்வார். மாலையில் மைதானத்துத் தூசியில் கண் எரிச்சலோடு வருவார். இமையோரத்தில் பூசும்போது களிம்பு கண்ணுக்குள் போய் ஒருநாள் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, "கொடுங்க இப்படி, நான் பூசறேன்" என்று மனைவி வாங்கிக்கொண்டாள்.

"நீலம் எந்தப் பக்கம்?"

"இடது."

"ஆரஞ்சு?"

"மிச்சமிருக்கிற பக்கம்."

அவ்வளவுதான் பாடம். அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். அவள் எதிரில் நின்று பூசுவாள். காயும் வரை பத்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது, வாயை அசைக்கக் கூடாது. ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காரும் மனைவிக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. அன்றைக்கு ஜன்னலுக்கு வந்த ஒவ்வொரு முட்டாளையும் பற்றி ஆதியோடு அந்தமாகச் சொல்வாள். கல்யாணமான பதினாறு வருடத்தில், அவள் பேச்சை அவர் நடுவில் எழுந்து போகாமல் முழுதாகக் கேட்டது அந்தப் பத்து நிமிடங்களில்தான்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி. இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே தாடையைக் கட்டையில் வைத்துப் போட்டோ. அந்த வெளிச்சத்தில் வெளுத்த இடமெல்லாம் நிலாப் போல மின்னும். அது முடிந்ததும் நர்ஸ் கேள்வித்தாளோடு வருவாள்.

"கடந்த வாரத்தில் உங்கள் தோல் காரணமாக எவ்வளவு கூச்சப்பட்டீர்கள்? மிக அதிகம், அதிகம், கொஞ்சம், இல்லவே இல்லை."

"தோலாலயா? கொஞ்சம். என் மச்சினன் கல்யாண வீட்டுல மைக்கைப் பிடிச்சுப் பாடினதுல மிக அதிகம்."

"மச்சினனுக்குக் கட்டம் இல்ல சார். அடுத்தது. உங்கள் தாம்பத்திய வாழ்க்கைக்குத் தோல் எந்த அளவுக்கு இடைஞ்சலாக இருந்தது?"

"இடைஞ்சல் தோல் இல்லம்மா. நடுவுல வந்து படுத்துக்கிற எங்க பொண்ணு."

"அதுக்கும் கட்டம் இல்ல."

"பின்ன எதுக்குத்தான் கட்டம் வச்சிருக்கீங்க?" என்று சுவரோரப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. முப்பத்தெட்டு. பெண் போலீஸ், ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. உதட்டைச் சுற்றியும் இரண்டு கன்னத்திலும் வெண்புள்ளி. "என் கஷ்டத்துக்கும் இதுல கட்டம் இல்ல மாஸ்டர். போன வாரம் ஒரு திருடனைப் பிடிச்சேன். நான் தொட்டுடுவேனோன்னு பயந்து அவனே ஓடிப்போய் ஜீப்புல ஏறி உட்கார்ந்துக்கிட்டான். வேலை சுலபம்தான். ஆனா ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா அது ஞாபகம் வருது."

பன்னிரண்டாவது வாரத்தில் முப்பத்தெட்டுக்கு வலது கன்னத்தில் மட்டும் பழுப்புப் பொட்டுகள் தெரிந்தன. நிறம் மயிர்க்கால்களைச் சுற்றித்தான் முதலில் திரும்பி வருமாம், எறும்பு வரிசை மாதிரி. மருந்து வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான், ஏதாவது ஒரு பக்கம் மட்டும். ஊதா விளக்கின் கீழே முப்பத்தேழு வந்து தாடையை வைத்ததும் டாக்டர் பேனாவைக் கீழே போட்டாள்.

"ரெண்டு பக்கமுமா?"

எண்ணினாள். இடது கன்னத்தில் நாற்பத்தொன்று. வலதில் முப்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினாள். பெரிய டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் மாஸ்டரின் தாடையைப் பிடித்துப் பழம் வாங்குபவர் போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். பெரிய டாக்டர் ஒன்றும் பேசாமல் போவது பெரிய விஷயம் என்று நர்ஸ் காதோடு சொன்னாள்.

"ஒரு கன்னத்துல பூசினது ரத்தத்துல இறங்கி அடுத்த கன்னத்துக்குப் போயிருக்கு," என்றாள் டாக்டர். அவள் கண் பளபளத்தது. "இது இதுக்கு முன்னாடி யாரும் பார்க்காதது சார். உங்க கன்னம் ஒரு கண்டுபிடிப்பு."

நான்கு குப்பி ரத்தம் எடுத்தார்கள். மாஸ்டர் சந்தோஷமாகக் கொடுத்தார். இத்தனை வருடம் எல்லாரும் கண்டும் காணாமல் இருந்த கன்னத்தை இரண்டு டாக்டர்கள் போட்டி போட்டுக்கொண்டு பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

டிரைவிங் ஸ்கூல் முதலாளியும் பார்த்தார். இரண்டு கன்னமும் ஒரே சீராகப் பொட்டுப் பொட்டாக நிறைந்து வருவது அவர் கணக்கில் நல்ல சகுனம். "மாஸ்டர், நாளையிலேருந்து ரெண்டு பேருக்கு முன்னாடி போறதும் சொல்லிக்கொடுங்க" என்றார். மறுநாள் மாஸ்டர் மெயின் ரோட்டில் மூன்றாவது கியர் போட்டபோது கிட்டத்தட்டக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை அந்தப் பெருமையை அடக்க முடியவில்லை. களிம்பு பூசும்போதே வாயைத் திறந்து, "மூணாவது கியர்!" என்றவர், கண்ணையும் திறந்துவிட்டார்.

மனைவி எதிரில் நின்றாள். அவள் கையில் நீல மூடி டியூப். விரல் அவருடைய வலது கன்னத்தில் இருந்தது.

"என்ன பண்ற?"

"பரோட்டா போடறேன். பார்த்தா தெரியல?"

"அது நீலம்."

"ஆமா. நீலம் இடது."

"இது என் வலது கன்னம்!"

அவள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுதானே இடது? இதுக்கு நேரா எந்தக் கன்னம் இருக்கோ அதுதானே இடது கன்னம்?"

"அது உன் இடது!"

"வேற யாரோட இடதைங்க நான் பார்க்க முடியும்? பூசறது நானா, நீங்களா?"

"பதினாறு வாரமா இப்படித்தான் பூசறியா?"

"ஒருநாள் தவறினது கிடையாது," என்றாள் அவள் பெருமையாக.

"விசாரணை ஜன்னல்ல உட்கார்ந்து எட்டு வருஷமா ஜனங்களை இடது பக்கம் போ, வலது பக்கம் போன்னு அனுப்பறியே, எத்தனை பேர் ரயிலை விட்டாங்களோ!"

"ஒருத்தரும் விடல. நான் கையை நீட்டிக் காட்டுவேன். உங்களை மாதிரி கண்ணை மூடிட்டா வந்து நிக்கறாங்க?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் கற்றுக்கொண்ட ஒருவர்கூட அவருக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. எல்லாரும் பக்கத்து இருக்கையில்தான். காரில் அவர் இடதும் அவர்கள் இடதும் ஒன்று. இடதில் இரண்டு உண்டு என்பது நாற்பத்திரண்டு வயதில் சொந்த வீட்டு நாற்காலியில்தான் அவருக்குத் தெரியவந்தது.

காலையில் ஒரு கன்னத்துக்கு மருந்து, மாலையில் இன்னொரு கன்னத்துக்கு. கண்டுபிடிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"சரி விடுங்க, இனிமே சரியா பூசறேன்," என்று மனைவி மற்றக் கன்னத்துக்கு நகர்ந்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சரியாகப் பூசினால் ஒரு கன்னத்துக்கு மருந்து நின்றுபோகும். பொட்டுகள் பாதியில் நிற்கும், ஒரு பக்கம் மட்டும். மறுபடி ரிவர்ஸ். உண்மையைச் சொன்னாலோ ஒழுங்காகப் பூசாதவர் கணக்கு. ஒரு வருட மருந்து போச்சு. மறுபடி ரிவர்ஸ்.

"தப்பாவே பூசு," என்றார்.

"ஏங்க, அந்த டாக்டர் பொண்ணு பாவம்."

"எட்டு வாரம்தானே. பூசு."

அவள் பூசினாள். அன்றைக்கு மட்டும் ஜன்னலுக்கு வந்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இருபதாவது வாரம், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு என்று மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். நடைபாதை எழவு வீடு மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வலது கன்னம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. இடது கன்னம் பழையபடி.

"கேள்விப்பட்டீங்களா மாஸ்டர்? ஆராய்ச்சியை நிறுத்தப் போறாங்க."

"ஏன்?"

"யாரோ ஒருத்தனுக்கு மருந்து ரத்தத்துல ஏறிடுச்சாம். பூசற மருந்து உள்ள போனா ஆபத்துன்னு வெள்ளிக்கிழமை குழு கூடுது. நாப்பது பேருக்கும் நிறுத்தம்."

"யாரோ ஒருத்தனா?"

"பேரு சொல்ல மாட்டேங்கறாங்க. சொன்னா லத்தியோட போய் விசாரிச்சுட்டு வந்திருப்பேன்." அவள் தன் இடது கன்னத்தைத் தடவினாள். "ஒரு பக்கத்தோட விட்டுட்டாங்கன்னா நான் இனிமே ஜனங்களுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டிட்டு நிக்கிறது? அதுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையாவே இருந்திருக்கலாம். பழகின மூஞ்சி."

மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்தார். ஏழு படிகள். மூன்று முறை படித்தார்.

உள்ளே டாக்டரின் மேஜை முழுக்க அவருடைய கன்னங்களின் படங்கள், மாதவாரியாக. அவள் முகத்தில் பளபளப்பு போய்விட்டிருந்தது.

"ரத்தத்துல மருந்தே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு சார். இல்லாம எப்படி அந்தப் பக்கம் போச்சு? யாருக்கும் புரியல. புரியலைன்னா நிறுத்திடுவாங்க. மூணு வருஷ வேலை. அது போகட்டும், வெளியில உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னுதான் தெரியல."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மூன்றாவது கியர் ஒருமுறை மனதில் வந்து போனது.

"டாக்டர், நான் பூசறப்போ பக்கத்தை மாத்திட்டேன்."

"என்னது?"

"சாயங்காலத்துல மட்டும். இடது வலது கொஞ்சம் குழம்பிடுச்சு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கா? பத்தொம்பது வருஷமா வாயைத் திறந்தா அந்த ரெண்டு வார்த்தைதான்னு சொன்னீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு டிரைவிங் மாஸ்டர் அதைவிடக் கேவலமாக எதையும் ஒப்புக்கொள்ள முடியாது.

"அவர் பொய் சொல்றாரு," என்றாள் மனைவி. "பூசினது நான். எழுந்திருங்க டாக்டர், காட்டறேன்." டாக்டரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, எதிரில் நின்று, மூடியால் டாக்டரின் வலது கன்னத்தைத் தொட்டாள். "இது இடது."

டாக்டர் தன் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்தாள். எதிரில் நின்றவளின் கையைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இவர்களுக்குப் புரியவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும் இருந்தது.

பிறகு எழுந்து கதவைத் திறந்து நடைபாதையைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கள்ல யார் யாருக்கு வேற ஆள் பூசி விடறாங்க?"

ஐந்து கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன.

"எனக்கு நானேதான்," என்றாள் முப்பத்தெட்டு. "வீட்டுல யாருக்கும் என் பக்கத்துல வர தைரியம் கிடையாது."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள் டாக்டர். "இது உங்க தப்பு இல்ல. செஞ்சு காட்டாம டிக் போட்டது நான். இதை எழுதிக் கொடுத்தா போதும், ஆராய்ச்சி நிக்காது. உங்களையும் வச்சுக்கலாம்." பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?"

நேற்று என்று ஒரு வார்த்தை. அது மாஸ்டரின் நாக்கு நுனி வரை வந்தது. மனைவி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நேற்று என்றுதான் சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"ஒரு மாசமா," என்றார். "தெரிஞ்சும் தப்பாவே பூசச் சொன்னேன். இவ வேண்டாம்னா."

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு எழுதினாள். "தெரியாம நடந்ததுக்கு இதுல இடம் இருக்கு. தெரிஞ்சு நடந்ததுக்கு இல்ல சார். டியூபைக் கொடுத்துடுங்க."

அவர் பையிலிருந்து இரண்டையும் எடுத்து வைத்தார். நீலம் ஒரு பக்கம், ஆரஞ்சு ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள். மேஜைமேல் இருந்த படங்களை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம். அப்படின்னா ரெண்டு கன்னமும் ஒரு வேளை மருந்துலயே இவ்வளவு வந்திருக்கு. மத்தவங்களுக்கு ரெண்டு வேளை பூசி இதே அளவுதான்." முதல் நாள் ரயில் அவசரம் அவள் குரலுக்குத் திரும்பி வந்தது. "அடுத்த ஆராய்ச்சி இதுதான். ஒரு வேளை போதுமான்னு பார்க்கணும்."

"அதுல நான் சேரலாமா?"

"முடியாதே. நீங்கதான் ஏற்கெனவே பூசிட்டீங்க."

மூன்று மாதம் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. ஆஸ்பத்திரியின் புதிய விளக்கத் தாள். நடுவில் பெரிதாக ஒரு முகத்தின் கோட்டுப்படம், அம்புக்குறிகளோடு: 'இது நோயாளியின் இடது. பூசிவிடுபவரின் இடது அல்ல.' கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். ஆனால் அந்தக் காதும் அந்தத் தாடையும் யாருடையவை என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது: 'முப்பத்தெட்டுக்கு இரண்டாவது கன்னம் ஆரம்பித்துவிட்டது. உங்களைத் தேடுகிறாள். லத்தி இல்லாமல்தான்.'

"கடைசியில நிஜமாவே வரைபடம் ஆயிட்டீங்க," என்றாள் மனைவி. தாளை முன்னும் பின்னும் திருப்பினாள். "மூக்கு இவ்வளவு பெரிசா இல்ல. சரி, இதுல எது இடது?"

மாஸ்டரின் கன்னப் பொட்டுகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாதி தூறிவிட்டு நின்ற மழை மாதிரி இருந்தது முகம். முதலாளி தினமும் காலையில் அதை ஒரு பார்வை பார்ப்பார், ஏதோ சொல்ல வருவார், மேஜை டிராயரைத் திறந்து மூடுவார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்வதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார்.

"நானா?" என்றாள் மனைவி.

"ஏறு. முன்னாடி போறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்."

அவள் ஏறினாள். வண்டி நான்கு முறை விக்கிவிட்டு நகர்ந்தது. தெருமுனை வந்தது.

"இடது பக்கம் திரும்பு. முதல்ல சிக்னல் போடு."

"யாரோட இடது?"

"இங்க ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதான்மா."

அவள் கொஞ்சம் யோசித்து, உறுதியாக ஒரு பிடியை இழுத்தாள். பளபளவென்று வெயில் அடித்துக்கொண்டிருந்த கண்ணாடியின்மேல் வைப்பர் இங்கும் அங்கும் ஆடத் தொடங்கியது.